கூட்டல் கழித்தல் எழுபது

நெடுந்தீவின் மேற்குக் கரையோரம்
பவளக்கல் வேலியின் அடியில்
கறுப்புத் தறப்பாளுக்குள் குந்தியிருக்கிறேன்.
நெற்றியில் சிவப்பு விளக்கு.
வெளியே உச்சி வெயில், மட்டக்குதிரை ஒன்றின் தும்மல்.
டிலக்சன் சுத்தியலால் தட்டத் தட்ட
இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகிறது
விரற்கடை விரற்கடையாக.

இந்த மண் வெயிலைக் காணக் கூடாது.
ஒரு சொட்டு வெளிச்சம் உள்ளே வந்தாலும்
நான் குறிகட்டுவானில் படகேறியது வீண்.

சோளகம் வாரி வந்து
வேலிக்குப் பின்னால் ஒதுக்கிய மணல்.
மேலே கல்லும் மண்ணும் மூடிய நாளிலிருந்து
ஒவ்வொரு பரலும்
சுற்றியுள்ள நிலத்தின் மெல்லிய கதிர்வீச்சை
உண்டியலில் சில்லறைபோலச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது.
எவ்வளவு சேர்ந்தது என்று அறிய
உண்டியலை உடைக்க வேண்டும்.
நீல ஒளி பட்டதும் ஒரு கணம் மினுங்கும்.
பிறகு அதனிடம் ஒன்றும் இராது.
அதே பரலிடம் மறுபடி கேட்க முடியாது.

தறப்பாளுக்கு வெளியே ஒரு செருமல்.
கிழக்குக் காணி யக்கோவு.
"பிள்ளை, உங்கட மெசின் சொல்லுமோ
ஆர் இந்த வேலியைத் தள்ளினதெண்டு?"
சற்றுத் தள்ளி, வேறெங்கோ பார்த்தபடி,
மேற்குக் காணி அன்னலெட்சுமி.
"தள்ளினவைக்குத் தெரியாதே?"

ஒன்றரை முழம்.
ஊர்காவற்றுறைக் கோட்டில் இருபத்தொரு தவணை.

என் கேள்வி வேறு என்றேன்.
இந்தக் கற்களை முதலில் அடுக்கி
மழை கொண்டுபோகாமல்
ஒரு சாண் மண்ணை மறித்து
நெல் விதைத்தது யார், எப்போது.
"அப்ப அவையிட்ட உறுதி இருந்ததோ?" என்றார் யக்கோவு.

ஏழு மாதம்.
அடிக்கல்லின் கீழிருந்த மண்:
எண்ணூற்று அறுபது, கூட்டல் கழித்தல் எழுபது.
எதிர்பார்த்ததுதான்; ஆனாலும்
திரையைப் பார்த்தபடி தேநீரை ஆறவிட்டேன்.

மேல் இரண்டு வரிசையின் மண்:
முப்பத்துநான்கு, கூட்டல் கழித்தல் மூன்று.

வெளிச்சம் கசிந்திருக்கும் என்று நினைத்தேன்.
டிலக்சனைத் திட்டினேன்.
வேறு பரல்களில் மீண்டும் அளந்தேன்.
முப்பத்துமூன்று.

தொலைபேசியில் அன்னலெட்சுமி
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அது பங்கர், பிள்ளை.
ரெண்டு வீட்டுக்கும் ஒண்டுதான் வெட்டினது.
சுவருக்குக் கல்லு வேணுமே, வேலியைப் பிரிச்சனாங்கள்.
பதினொரு பேர் இருந்தம்.
யக்கோவுக்குப் பாம்புப் பயம்,
வாசலை விட்டு உள்ள வரமாட்டார்.
ஷெல் விழேக்கையும்."
சிரித்தாரா என்று தெரியவில்லை, இரைச்சல்.
"எல்லாம் ஓய்ஞ்சாப் பிறகு
பட்டப்பகலில ரெண்டு பகுதியும் சேர்ந்துதான் திருப்பி அடுக்கினது.
நூல் பிடிச்சது மட்டும் அவர்."

பட்டப்பகலில்.
இரவில் அடுக்கியிருந்தால்
மணல் எனக்கு எதுவும் சொல்லியிராது.

அறிக்கையில் எழுதினேன்:
மேல் அடுக்கு பிற்காலத்தில் கலைந்துள்ளது.
பதினொரு பேருக்கு அதில் பத்தி இல்லை.
என் விடையின் அகலம் நூற்று நாற்பது ஆண்டு.
அவர்களுடைய கேள்வியின் அகலம் ஒன்றரை முழம்.
இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைக்க
அளவுகோல் என்னிடம் இல்லை.

யக்கோவு ஒரு பிரதி கேட்டார்.
அன்னலெட்சுமியும் கேட்டார்.
"ஒரே உறைக்குள்ள போட்டிடாதேங்கோ."

மீதி அரைக்குழாய் மண்
இன்னும் கறுப்புப் பைக்குள், இரண்டாம் தட்டில்.
நேற்றுக் கூட்ட வந்த பெண்
இருட்டறைக் கதவைத் திறந்து
சுவரில் சுவிட்சைத் தடவினாள்.
ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.
"உள்ள ஆரும் படுத்திருக்கினமோ, மிஸ்?"
என்று கேட்டாள், குரலைத் தாழ்த்தி.